மேசைக் கடற்கரையில் ஓர் எல்.எம்.ஜி.

1

அக்காவின் குரல்பதிவு நேற்று வந்தது. மன்னார் பஸ் நிலையத்தில் நின்று பேசியிருக்கிறாள். நடுவில் ஒரு கழுதை கத்துகிறது. அதற்கும் சேர்த்து ஏசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறாள்.

"தம்பி, அத்தான்ரை ஆண்டுப் பூசை கிட்டுது. இஞ்சை நான் கோயில் சுவாமியோடை கதைச்சிட்டன். நீ அங்கை உங்கடை கோயில்லையும் பேர் குடு. பெடியனையும் கூட்டிக்கொண்டு போ. மாமாவுக்கெண்டு அவனும் ஒருக்கா முழங்காலிலை நிக்கட்டும்."

அத்தான் என்பது அக்காவின் செத்துப்போன கணவர் சவிரி. பெடியன் என்பது என் ஒரே மகன் யூட். இந்த வருஷம் அவனை மாதா கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போக என்னால் முடியாது. ஏன் முடியாது என்று அக்காவிடம் சொல்லவும் எனக்கு வாய் வராது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. மன்னார்த் தீவின் தென்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

போன வருஷம் இதே பூசை முடிந்து கோவில் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தோம். மனைவி றீற்றா காரில் ஏறிவிட்டாள். யூட் ஏறவில்லை. வீட்டில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன், அன்றைக்குத் தமிழில் தொடங்கினான். மனப்பாடம் பண்ணி வந்திருக்க வேண்டும்.

"அப்பா, நான் ஆமியிலை சேரப் போறன்."

"எந்த ஆமி?" என்று கேட்டேன். விசர்க் கேள்விதான். வேறு கேள்வி வாயில் வரவில்லை.

"இஞ்சத்தை ஆமி. வேறை எது?"

காருக்குள் றீற்றா தலையைக் குனிந்து ஜன்னலுக்குக் கீழே போய்விட்டாள். ஆமி என்ற சொல்லைக் கேட்டால் குனிய வேண்டும் என்று அவளுடைய உடம்புக்குப் பழக்கம். உடம்புக்கு எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாது. பிறகு நிமிர்ந்து தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, "மழை வரப் போகுது, ஏறுங்கோ" என்றாள்.

2

நான் வட இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறேன். உறைந்த மீனைப் பெட்டியில் அடைக்கிற குளிர்க் களஞ்சியத்தில் வேலை. கடலில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடவுள் கொடுத்த உத்தியோகத்தைப் பாருங்கள். மீனும் நானும் ஒரே மாதிரித்தான் இங்கே வந்து சேர்ந்தோம். அதற்கு மட்டும் பத்திரம் ஒழுங்காக இருக்கிறது.

யூட் இங்கேயே பிறந்தவன். சின்ன வயதில் நல்லாய்த் தமிழ் கதைத்தான். பள்ளிக்கூடம் போக ஒவ்வொரு சொல்லாகக் கழன்றது. முதலில் சாப்பாட்டுப் பேர்கள், பிறகு உறவுமுறைகள். கடைசியில் அப்பா, அம்மா, பசிக்குது, ஓம், இல்லை என்பவை மிஞ்சின. பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருஷத்தில் விட்டான். ஏன் என்று கேட்டால் அறைக் கதவு சாத்தப்படும்.

அந்த அறைக்குள் அவன் செய்ததெல்லாம் பொம்மைகள்தான். பெருவிரல் உயர ஈயப் போர்வீரர்கள். வெள்ளைக்காரன் உலகத்தை ஆண்ட காலத்துச் சண்டைகளை மேசைமேல் இந்தப் பொம்மைகளை வைத்து விளையாடுகிற ஒரு கழகம் இங்கே இருக்கிறது. ஒரு பக்கம் தொப்பி போட்ட படை. மறுபக்கம் உள்ளூர்ச் சனம். ஈட்டி, வாள், துவக்கு என்கிற பழைய துப்பாக்கி. தாயக்கட்டை மாதிரிக் கட்டையை உருட்டி யார் செத்தது, யார் ஓடினது என்று தீர்மானிக்கிறார்கள். தலை நரைத்த மனிசர் இதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை முழுக்கத் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

யூட் அந்த உள்ளூர்ச் சனத்துக்கு நிறம் பூசுகிறதை ஒருநாள் கதவிடுக்கால் பார்த்தேன். தன் முழங்கையைப் பார்த்துப் பார்த்துப் பழுப்பு நிறம் கலந்தான். அவ்வளவு கவனமாகப் பூசினவன், விளையாடும்போது எப்போதும் தொப்பிக்காரர் பக்கம்தான் எடுப்பான். எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும் என்கிறாள் றீற்றா. அவளுக்கென்ன, எல்லாம் பிறகுதான் விளங்கும்.

3

அவனைத் தடுக்க நான் செய்யாத வேலையில்லை. பங்குச் சுவாமியாரைக் கொண்டு புத்தி சொல்லுவித்தேன். அவர் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வெளியே வந்து, "நல்ல ஒழுக்கமான பிள்ளை, போகட்டும்" என்றார். றீற்றா சாப்பிடாமல் கிடந்தாள். அவன் பாண் வாட்டி அவளுடைய கட்டிலடியில் கொண்டுபோய் வைத்தான். நான் கத்தினேன்.

"உன்ரை அப்பன் ஆத்தை ஆமிக்குப் பயந்து கடல் கடந்து வந்ததடா. தெரியுமே உனக்கு?"

அவன் ஆங்கிலத்தில், கோபமில்லாமல் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "உங்களுக்கென்று ஓர் ஆமி இருக்கவில்லை. எனக்கு இருக்கிறது. உங்களைப் போல எல்லாருக்கும் பயந்து சாக எனக்கு விருப்பமில்லை."

தோளுக்கு மேல் வளர்ந்தவனுக்கு என்னத்தை அடிக்கிறது.

பிறகு ஒரு குறுக்கு வழி தெரிந்தது. சேருவதற்குத் தாய் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். என்னுடையது ஊரிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு பத்திரத்தில் அந்தோனிப்பிள்ளை, இன்னொன்றில் அன்ரனி, மூன்றாவதில் தகப்பன் பெயரே என் பெயர். எந்தக் கந்தோருக்குப் போனாலும் என்னை மூன்று ஆளாகத்தான் எண்ணுவார்கள். மன்னார்க் கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்துக்கு அக்காவை அனுப்பினால் மாதக்கணக்கில் இழுபடும், அதற்குள் பெடியனின் மனம் மாறும் என்று கணக்குப் போட்டேன்.

"எதுக்கடா இப்ப உனக்குப் பிறப்புப் பத்திரம்?" என்று அக்கா கேட்டாள்.

"யூட்டின்ரை வேலைக்கு அக்கா. அரசாங்க வேலை."

"மாதாவே, அரசாங்க வேலையே? பென்சன் இருக்குமே?"

"இருக்கும்."

"அத்தான் இருந்திருந்தால் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பார்."

அத்தானுக்குப் பதிலாக அவளே சொல்லித் திரிந்தாள். அதோடு, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கந்தோர் சொன்ன நாளில் சொன்ன வேலையை முடித்தது. நல்ல பிள்ளை ஒருத்தி அங்கே வேலை செய்கிறாளாம். அக்கா களைத்துப்போய் நிற்கிறாள் என்று கதிரை போட்டு இருத்தி, மூன்று பெயரையும் ஒன்றாக்கிக் கையில் கொடுத்து அனுப்பினாளாம். அந்தப் பிள்ளை நல்லாயிருக்கட்டும். அன்றைக்கு நான் குளிர்க் களஞ்சியத்துக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

4

கடைசியில், அவன் எங்கே கதைக்கிறானோ அங்கே போவோம் என்று சனிக்கிழமைகளில் அவனோடு கழகத்துக்குப் போகத் தொடங்கினேன். எங்கள் கோவில் மண்டபத்தில்தான் அது நடக்கும். முதல் நாள் அவன் என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரி. ஆனால் மூலையில் கதிரையைப் போட்டுச் சும்மா இருந்ததால் விட்டுவிட்டான்.

பச்சைத் துணி விரித்த மேசை. ஓரமாக நீலம் பூசிக் கடல், மணலை ஒட்டிக் கரை. அன்றைக்குத் தொப்பிக்காரர் பக்கம் யூட் புதிதாய் ஒரு பொம்மையைக் கொண்டுவந்தான். நாணயக்குற்றி அளவு அடித்தட்டில் இரண்டு பேர். ஒருவன் குப்புறக் கிடந்து சுடுகிறான், மற்றவன் பக்கத்தில் முழந்தாளிட்டுக் குண்டுப்பெட்டி எடுத்துக் கொடுக்கிறான். எல்.எம்.ஜி. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இயந்திரத் துவக்கு. ஊரில் இந்தச் சொல்லைத் தெரியாத குழந்தைகூட இல்லை.

இதை விளையாட்டில் எப்படிக் காட்டுவது என்பதுதான் அவர்களுக்குள் வழக்கு. கழகத்துத் தலைவர் கெவின், ஓய்வுபெற்ற வாத்தியார், நல்ல மனிசன். சாதாரணத் துவக்குக்கு ஒரு கட்டை என்றால் இதற்கு ஒரு கைப்பிடி நிறையக் கட்டை உருட்டலாம் என்றார். அப்படியானால் உள்ளூர்ச் சனம் கரையைத் தாண்டவே மாட்டாது, பிறகு அந்தப் பக்கம் விளையாட யார் வருவார் என்று இன்னொருவர் கேட்டார். சரி, கட்டையில் ஒன்று விழுந்தால் துவக்கு இறுகிவிடும் என்று வையுங்கள். பெட்டி கொடுக்கிறவன் செத்தால் பாதிக் கட்டை. இடம் மாறினால் அந்தச் சுற்றில் சுடக்கூடாது. இப்படியே தேத்தண்ணி ஆறும்வரை நியாயம் பிளந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நீதியாக இருக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

யூட் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். "இது சரியில்லை. இப்படி வைத்தால் அது ஒரு பெரிய துவக்கு, அவ்வளவுதான். உண்மையில் அது வேறு ஏதோ. என்னவென்றுதான் எனக்குத் தெரியவில்லை."

எனக்குத் தெரியும் என்று எனக்குள் ஒன்று எழுந்து நின்றது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் மகனுக்குத் தெரியாத, அவனுக்குத் தேவையான ஒரு விஷயம் என் கையில் இருந்தது. அதைச் சொன்னால் போதும், பிள்ளை பயந்து நின்றுவிடுவான் என்று நம்பினேன். றீற்றாவுக்குக்கூட முழுதாகச் சொல்லாத கதை.

"தம்பி, கொஞ்சம் இரு. நான் சொல்லுறன்" என்றேன்.

5

தமிழில் சொன்னேன். அவனுக்கு விளங்காத இடத்தில் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மற்றவர்களுக்கு அவன் மொழிபெயர்த்தான்.

சோளகக் காற்று எழும்புகிற காலத்தில் எங்கள் கரையில் வள்ளத்தைக் கடலில் இறக்குவது லேசான வேலையில்லை. அலை கூட்டமாக வரும். பெரிசு பெரிசாகச் சில அடித்துவிட்டு ஒரு கணம் ஓயும். அந்த ஓய்வுக்குள் தள்ள வேண்டும். பிந்தினால் அடுத்த கூட்டம் வள்ளத்தைப் பிரட்டி ஆள்மேல் போடும். அதனால் கண்ணும் காதும் உள்ள ஒரு ஆள் முன்பக்கம் நின்று கடலைப் பார்ப்பார். மற்றவர்கள் தோளைக் கொடுத்துத் தலையைக் குனிந்து நிற்பார்கள். அவர் "இப்ப" என்றால் தள்ளு. யோசிக்கக் கூடாது. எங்கள் வாடியில், கரையோர மீன்பிடிக் கொட்டிலில், அந்த ஆள் சவிரி அத்தான். அவருடைய "இப்ப" பிழைத்ததை நான் காணவில்லை. மற்ற வாடிக்காரரும் அவருடைய வாயைப் பார்த்துத் தள்ளுவார்கள்.

அன்றைக்கு விடிந்தும் விடியாத நேரம். பின்னால் பனங்கூடல் பக்கமிருந்து எல்.எம்.ஜி. தொடங்கியது. யார் அடித்தது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினார்கள். எல்லாரும் மணலில் விழுந்தோம்.

"சாதாரணத் துவக்கு ஆளைத் தேடும்" என்றேன் யூட்டுக்கு. "இது ஆளைத் தேடாது. இடத்தைப் பிடிக்கும். படாட்டிலும் நீ எழும்பேலாது, திரும்பேலாது, பக்கத்திலை கிடக்கிறவனைப் பாக்கேலாது. நீ உயிரோடை இருக்கிறாய், ஆனால் உன்ரை கை கால் உன்னட்டை இல்லை."

அப்போது அது நின்றது.

அத்தான் முகத்தை மணலுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தவர். கண் தெரியாது, காது மட்டும். அந்தக் காது வாழ்நாள் முழுக்க ஒன்றைத்தான் கேட்டுப் பழகியது. சத்தம் கூட்டமாக வரும், பிறகு ஓயும், ஓய்ந்தால் எழும்பு. அவர் எழும்பிக் கையைத் தூக்கி "இப்ப" என்றார். அவருடைய குரல் கேட்டதும் இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். யோசித்து எழும்பவில்லை, எழும்பிப் பழகியவர்கள். நானும் எழும்பித்தான் இருப்பேன். வள்ளத்துக் கயிறு என் காலில் சுற்றிக்கிடந்தது.

அது ஓய்வில்லை. சுடுகிறவன் விரலைக் கொஞ்சம் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். எல்.எம்.ஜி.க்கு இரண்டு விதமான நிப்பாட்டு இருக்கிறது. ஒன்று விரல் எடுப்பது. மற்றது பெட்டி மாற்றுவது. இரண்டாவதுதான் நீளம். அது வந்தபோது, எழும்பின மூவரும் போக மிச்சமிருந்த நாங்கள் ஓடினோம். வித்தியாசம் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடல்காரனுக்கு அதற்கு முன் யார் சொல்லிக் கொடுத்தது?

மண்டபத்தில் கெவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யூட் என் தோளில் கையை வைத்தான். அவன் என்னைத் தொட்டு எவ்வளவு காலம்.

"ஏனப்பா இதை எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று தமிழில் கேட்டான்.

வீட்டுக்கு வந்து றீற்றாவிடம், "இனிப் போகமாட்டான்" என்றேன். அவள் அடுப்பை மூட்டி மீன் பொரித்தாள். மூவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

6

அடுத்த சனிக்கிழமை அவன் ஒரு மட்டையை அச்சடித்துக் கொண்டுவந்தான். எல்.எம்.ஜி.க்குப் புதிய விதி.

சுட்டால் செத்தவர் போக மிச்சச் சனம் எல்லாம் குப்புற விழ வேண்டும். துவக்கு நிற்கும்போது சனத்தின் பக்கம் விளையாடுகிறவர் தீர்மானிக்க வேண்டும், கிடப்பதா எழும்புவதா என்று. எழும்பினால் ஒரு கட்டை. பெரிய இலக்கம் என்றால் உண்மையான நிப்பாட்டு, கடல்வரை ஓடலாம். சின்ன இலக்கம் என்றால் பொய்யான நிப்பாட்டு. எழும்பினவர் எல்லாரையும் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன் இருந்தால் அவனோடு சேர்ந்து பக்கத்திலுள்ளவர்களும் கட்டாயம் எழும்ப வேண்டும்.

கடைசியில் ஒரு வரி. சுடுகிறவர் விரும்பினால், சனத்தை எழுப்புவதற்காக வேண்டுமென்றே நிறுத்தலாம்.

இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த விரல் களைத்து எடுபட்டது என்றுதான் நினைத்திருந்தேன். என் பிள்ளை ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டான்.

கெவின் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை காலத்தில் இவ்வளவு உண்மையான விதியைத் தான் கண்டதில்லை என்றார். அதற்கு மன்னார் விதி என்று பெயர் வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் உள்ளூர்ச் சனத்தின் பக்கம் நான் விளையாட வேண்டும் என்று கேட்டார்கள். மரியாதைக்குத்தான் கேட்டார்கள். யூட் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனுடைய முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் எப்படி மறுக்கிறது? கட்டையை எடுத்தேன். சின்ன இலக்கம் விழுந்தது. கெவின் ஒவ்வொரு பொம்மைக்கும் "மன்னிக்கவும்" என்று சொல்லிச் சொல்லி எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அந்தப் பழுப்பு நிறம் நல்லாய்த்தான் வந்திருந்தது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "தம்பி, அப்ப நீ போகேல்லைத்தானே?"

"அப்பா, நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு நல்லா விளங்கினது" என்றான். பிறகு ஆங்கிலத்தில் தொடர்ந்தான். "மாமாவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்காததால்தான் செத்தார். எனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தி என்ன செய்ய? அவன் பொறுமையாக இருந்தான். பிறகு ஓட்டினேன்.

7

போய்விட்டான். ரயில் நிலையத்தில் றீற்றா அவனுடைய கழுத்தில் மடு மாதாவின் சுரூபப் பதக்கத்தைப் போட்டாள். அங்கே கழற்றச் சொல்வார்கள் என்று தெரிந்தும் குனிந்து கொடுத்தான். நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளை என்பதுதான் என்னைத் தின்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். "ஓம் அப்பா. சாப்பிட்டன் அப்பா. வைக்கிறன் அப்பா." போன் சூடாகும் முன்னரே வைத்துவிடுவான். அந்தக் கொஞ்சத்துக்காக நாங்கள் இருவரும் காலையிலிருந்து வீட்டை விட்டு வெளியே போக மாட்டோம். றீற்றா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு இருப்பாள். படம் தெரியாத அழைப்புத்தான்.

போன ஞாயிறு எடுத்தவன் போனை வைக்கவே இல்லை. பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கதைத்துக்கொண்டே இருந்தான், எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன். தன்னை எல்.எம்.ஜி.யில் போட்டிருக்கிறார்களாம். நிப்பாட்டைப் பற்றி அங்கே பயிற்சி கொடுக்கிற வாத்தியார் கேட்ட கேள்விக்குத் தான் மட்டும்தான் சரியாகப் பதில் சொன்னானாம். எங்கே படித்தாய் என்று கேட்டாராம். "அப்பா சொல்லித் தந்தவர் எண்டு சொன்னனான்" என்றான். சிரித்தான். அவனுடைய பத்து வயதுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

றீற்றா என் காதோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒண்டு கேக்கோணும்" என்றான். "வாற கிழமை ஒரு பயிற்சி. ஒரு ஊர் மாதிரிக் கட்டி வைச்சிருக்கினம், சனம் மாதிரி ஆக்களும் வருவினம். அண்டைக்குக் கடைசியா எழும்பின உடனை நீங்கள் எந்தப் பக்கம் ஓடினீங்கள்?"

அந்தப் பக்கம் சுடாமல் விடக் கேட்கிறானா, அந்தப் பக்கம் சுடக் கேட்கிறானா? எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் குரல் மாறும், "வைக்கிறன் அப்பா" என்பான் என்று பயந்தேன். றீற்றா என் கையைப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கடல் பக்கம்" என்றேன்.

"கடல் இல்லாத இடமெண்டால்?"

"பள்ளமான பக்கம் ஓடுவினம். பிள்ளையள் வைச்சிருக்கிற ஆக்கள் அப்பிடி ஓடமாட்டினம். அவை வீட்டுப் பக்கம்தான் திரும்புவினம்."

அவன் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. றீற்றா கையை விட்டுவிட்டு எழுந்து குசினிக்குள் போனாள்.

"தாங்ஸ் அப்பா. வாற ஞாயிறும் எடுக்கிறன். இன்னும் கனக்கக் கேக்கக் கிடக்கு."

"ஓம் ராசா" என்றேன். "எடு. நான் வீட்டிலைதான் இருப்பன்."